மாடல் போட்டோவை எடிட் பண்ணலாமா கூடாதா? ரங்கூன்ல நம்ம பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை ஆனா போதும், கேமராவைத் தூக்கிட்டு கண்டோஜி ஏரிக்கரைக்கோ, மகாபந்துலா பார்க்குக்கோ, பன்சோடான் தெருவுல இருக்கற வெள்ளக்காரன் காலத்துக் கட்டடங்களுக்கோ கிளம்பிடுற நம்ம தமிழ்ப் பசங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க. யாருக்கும் இது தொழில் இல்ல. வாரம் பூரா கடை, கம்பெனி, ஒரு நாள்தான் இது. மாடலும் காசு வாங்குற மாடல் இல்ல, பக்கத்து வீட்டுத் தங்கச்சி, அத்தை பொண்ணு, மச்சான், காலேஜ் ஃப்ரெண்டு, அவ்வளவுதான். நானும் அதே கேஸ்தான், பகல்ல இரும்புக்கடைக் கணக்கு, ராத்திரி லேப்டாப். பதினஞ்சு வருஷமா எடுக்கிறேன்னு என்கிட்ட வந்து கேப்பாங்க, சுத்திச் சுத்தி ஒரே கேள்விங்கதான் வரும், ஒவ்வொருத்தருக்கா டீக்கடையில உக்காந்து சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதனால எழுதியே வச்சிட்டேன்.

முதல்ல ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணே, எடிட் பண்ணணுமா வேணாமா?

பண்ணணும்.

எடிட் பண்ணாத போட்டோன்னு ஒண்ணு கிடையவே கிடையாது தம்பி. நீ ஜேபெக்ல, அதாவது கேமரா சாதாரணமா குடுக்கற படமா எடுத்தேன்னா, கேமராக்குள்ள இருக்கற குட்டிக் கம்ப்யூட்டர் கலர் இவ்வளவு, கான்ட்ராஸ்ட் இவ்வளவு, ஷார்ப்னஸ் இவ்வளவுன்னு அதுவாவே முடிவு பண்ணி, நாய்ஸை, அதாவது இருட்டுல வர்ற புள்ளிப் புள்ளியைத் தேய்ச்சு, ஃபைலைச் சுருக்கி உன் கையில குடுக்குது. அந்த புரோகிராமை எழுதுன இன்ஜினியர் எங்கயோ உக்காந்து எழுதினாரு, உன் அத்தை பொண்ணை அவரு பார்த்ததே இல்ல. அவரு எடிட் பண்ணலாமாம், பக்கத்துல நின்னு பார்த்த நீ பண்ணக் கூடாதாமா?

ஃபிலிம் காலத்துலயும் இதே கதைதான். அந்தக் காலத்து ஸ்டூடியோவுல நெகட்டிவ் மேலயே கூரான பென்சில் வச்சு முகத்துல இருக்கற பள்ளம் மேட்டை நிரப்புவாங்க, டச்சப்னு அதுக்குப் பேரு, கறுப்பு வெள்ளைப் படத்துல கன்னத்துக்கும் புடவைக்கும் கையால சாயம் ஏத்துவாங்க. உங்க தாத்தா பாட்டி கல்யாணப் படம் வீட்டுல இருந்தா கிட்டப் போய்ப் பாரு, பாட்டி உதட்டுல இருக்கறது பெயின்டா கூட இருக்கலாம். ஆன்செல் ஆடம்ஸ்னு அமெரிக்காவுல பெரிய ஆளு, 1941ல ஒரு கிராமத்து மேல நிலா எழும்புறதை எடுத்தாரு, அந்த ஒரே நெகட்டிவ்ல இருந்து வருஷக்கணக்கா பிரிண்ட் போட்டாரு, பின்னாடி போட்ட பிரிண்டுல எல்லாம் வானம் கறுப்பாயிட்டே போகும். நெகட்டிவ் ஒண்ணுதான், இருட்டறையில அவரு கைதான் மாறிச்சு. ஃபோட்டோஷாப் வந்தது 1990லதான், கைவேலை அதுக்கு முன்னாடியே இருந்துச்சு.

அதனால பண்ணலாமான்னு கேக்காத. எதுவரைக்கும்னு கேளு.

சரி, எதுவரைக்கும்?

நான் வச்சிருக்கற கணக்கு இது: வெளிச்சமும் கேமராவும் பண்ணுன தப்பைத் திருத்து, பெத்தவங்க குடுத்ததைத் திருத்தாத. முகம் மஞ்சளா விழுந்துச்சா, கண்ணுக்குக் கீழ இருட்டா விழுந்துச்சா, பின்னாடி ஒரு குப்பைத்தொட்டி வந்துடுச்சா, அது உன் தப்பு, திருத்து. மூக்கு அகலமா இருக்கா, அது தப்பே இல்ல.

நியூஸ் போட்டோவுக்கு இந்தச் சலுகையெல்லாம் கிடையாது, அங்க குப்பைத்தொட்டியைக் கூட எடுக்கக் கூடாது. 1982ல நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில பிரமிடு ரெண்டையும் பக்கத்துல நகர்த்தி வச்சதுக்கே அவ்வளவு பேச்சு வாங்குனாங்க. நம்ம எடுக்கறது அழகுக்கு எடுக்கற படம், கொஞ்சம் இடம் உண்டு. கோயில் தீமிதி, ஊர்வலம்னு எடுக்கறப்ப மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, அது பாதி நியூஸ்தான், அங்க போய் ஆளைக் கூட்டிக் கொறைக்காத.

எப்படியும் எடிட் பண்ணத்தான் போறோம், எடுக்கறப்ப கொஞ்சம் அசால்ட்டா இருந்தா என்ன?

இதுக்குத்தான் எனக்குக் கோவம் வரும். எடுக்கறப்ப ரெண்டு அடி நகர்ந்திருந்தா முடிஞ்சிருக்கற வேலைக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்து கண்ணைக் கெடுத்துக்கிறது என்ன புத்திசாலித்தனம்?

ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம டவுன்டவுன் தெருவுல கடைங்க மேல நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பாங்க பாரு, அதுக்குக் கீழ பொண்ணை நிக்க வச்சு எடுத்தா ஒரு கன்னம் நீலமா இருக்கும், தெருப் பக்கம் இருக்கற கன்னம் சரியா இருக்கும். படத்தோட நீலம் மஞ்சளைச் சரி பண்ற ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடரை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு கன்னம் கெட்டுப் போகும், ஏன்னா அந்த ஸ்லைடர் படம் முழுசுக்கும் ஒண்ணு. அப்புறம் அந்தக் கன்னத்தை மட்டும் தனியா பிரிக்கற மாஸ்க் போட்டு, ஓரத்தை மழுக்கி, பாதி முகத்துக்கு ஒரு கலர், மீதிக்கு ஒரு கலர்னு உயிரை விடணும். ரெண்டு அடி வெளிய வந்திருந்தா வேலையே இல்ல. பெரிய மரத்தடியில நின்னா பச்சை விழும், அனவ்ரத்தா ரோட்டுக் காளியம்மன் கோயில் மாதிரி பல கலர் சுவத்துக்கு ஒட்டி நின்னா அந்தக் கலர் எல்லாம் முகத்துல விழும், ஷ்வேடகோன் பகோடாவுல தங்கத்துக்குப் பக்கத்துல நின்னா மஞ்சள் விழும், ஆனா அந்த மஞ்சள் நல்லா இருக்கும், அதை எடுக்காத, அங்க போனதே அதுக்குத்தான்.

மத்தியான வெயில்ல எடுக்காத. சூரியன் உச்சியில இருந்தா கண்ணு ரெண்டும் குழி மாதிரி ஆயிடும், அந்த நிழலை எடிட்ல தூக்குனா நாய்ஸும் சேர்ந்து மேல வரும், முகம் சாம்பல் பூசுன மாதிரி ஆகும். ரிஃப்ளெக்டர் வாங்கக் காசு இல்லைன்னு சொல்றவங்க வீட்டுல வெள்ளை வேட்டி இருக்கா இல்லையா? ரெண்டு பேரு வேட்டியைப் பிடிச்சுட்டு வெயில் பக்கம் நின்னா வெளிச்சம் பஞ்சு மாதிரி வரும், கீழ விரிச்சு வச்சா தாடைக்கு அடியில வெளிச்சம் ஏறும். எங்க அப்பா வேட்டி ஒண்ணு இன்னைக்கும் என் கேமரா பையிலதான் இருக்கு, அவருக்குத் தெரியாது. அப்புறம் ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மழைன்னு சொல்லி எல்லாரும் கேமராவைப் பெட்டியில போட்டுடுறீங்க, அந்த மூடு வானம்தான் போர்ட்ரெய்ட்டுக்கு வரம், ஊரு மேலயே வேட்டி கட்டி விட்ட மாதிரி.

முகத்தைக் கொஞ்சம் கலராக்கித் தாங்கன்னு கேக்குறாங்களே?

இதுக்குத்தான் நான் ரொம்ப நேரம் பேசுவேன், பொறுத்துக்கோங்க.

நம்ம ஆளுங்க "கலரா இருக்கா"ன்னு சொன்னா வெளுப்பா இருக்கான்னு அர்த்தம், கறுப்பு ஏதோ கலரே இல்லாத மாதிரி. எடிட் பண்ணத் தெரிஞ்ச உடனே பசங்க முதல்ல கத்துக்கறதே அதுதான், ஆரஞ்சு ஸ்லைடரைப் பிடிச்சு லூமினன்ஸை, அதாவது அந்தக் கலரோட வெளிச்சத்தை ஏத்துறது. மனுஷத் தோல் வெள்ளையோ கறுப்போ, நிறம்னு பார்த்தா பெரும்பாலும் அந்த ஆரஞ்சுக்குள்ளதான் அடங்கும், அதனால அந்த ஒரே ஸ்லைடர்ல முகம் பூரா வெளுத்துடும். கழுத்துல நிழலடிச்ச இடம் மட்டும் அப்படியே நிக்கும், காது ஒரு கலர், கன்னம் ஒரு கலர். பக்கத்துல அவங்க அண்ணன் நின்னா அவனும் சேர்ந்து வெளுத்திருப்பான், பாவம் அவன் கேக்கவே இல்ல.

இது நம்ம கண்டுபிடிச்ச வியாதியும் இல்ல. கோடாக் கம்பெனி லேபுங்களுக்கு அனுப்புன ஒரு அட்டை உண்டு, ஷெர்லி கார்டுன்னு பேரு, அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படம் இருக்கும், அவ தோல் சரியா வந்தா பிரிண்ட் சரின்னு கணக்கு. ரொம்ப வருஷம் அப்படியே ஓடுச்சு, கறுப்புத் தோலு பிரிண்டுல கரியா அப்பிப் போனா யாரும் கண்டுக்கல. சாக்லேட் விளம்பரம் எடுக்கறவங்களும் மரச்சாமான் விளம்பரம் எடுக்கறவங்களும் எங்க பழுப்பு நிறம் சரியா வரலைன்னு சண்டை போட்ட பிறகுதான் ஃபிலிமைத் திருத்த ஆரம்பிச்சாங்கன்னு சொல்லுவாங்க. மனுஷனுக்கு நடக்காதது மேசை நாற்காலிக்கு நடந்துச்சு. 2022லதான் கூகுள் பத்து நிறம் வச்ச ஒரு தோல் அளவுகோலை வெளிய விட்டாங்க, மாங்க் ஸ்கேல்னு.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கு. 1994ல டைம் பத்திரிகை, கொலைக் கேஸ்ல கைதான அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஓ.ஜே. சிம்ப்சனோட போலீஸ் படத்தை அட்டையில கறுப்பாக்கிப் போட்டாங்க, அதே படத்தை நியூஸ்வீக் திருத்தாம போட்டுச்சு, ரெண்டும் கடையில பக்கத்துல பக்கத்துல தொங்குனதும் டைம் பண்ணுனது பளிச்சுன்னு தெரிஞ்சு போச்சு. வெளுப்பாக்குனா அழகு, கறுப்பாக்குனா குத்தவாளின்னு ஒரு கணக்கு அந்த ஸ்லைடருக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

அப்ப கறுப்புத் தோலை எப்படித்தான் எடிட் பண்றது? வெளிச்சத்தை ஏத்து, நிறத்தை ஏத்தாத. ரெண்டும் வேற. படம் இருட்டா இருந்தா எக்ஸ்போஷரை ஏத்து, முகம், புடவை, மரம் எல்லாம் சேர்ந்து ஏறும், அது நியாயம். முகம் மட்டும் ஏறுச்சுன்னா யோசி. எடுக்கறப்பவே முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வை, பின்னாடி இருக்கற வெள்ளை வானத்தை நம்பி கேமரா முகத்தை இருட்டாக்க விடாத. நெத்தியிலயும் கன்னத்து எலும்புலயும் வர்ற பளபளப்பை அழிக்காத, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உருவத்தைக் காட்டறதே அந்த மினுக்குதான், அதைத் தேய்ச்சா முகம் தட்டையாயிடும். வேர்வையா கொட்டுதுன்னா கைக்குட்டை குடு, அது சாஃப்ட்வேர் வேலை இல்ல. பிளாக் ஸ்லைடரைத் தூக்காத, தலைமுடி கறுப்பா இருக்கட்டும், தலைமுடி கறுப்பா இருந்தாத்தான் தோலோட நிறம் கண்ணுக்குத் தெரியும்.

அவங்க அம்மாவே வெளுப்பாக்குன்னு கேட்டா? நான் ரெண்டு படம் போட்டுக் காட்டுவேன், ஒண்ணு அவங்க கேட்ட மாதிரி, ஒண்ணு நல்ல வெளிச்சத்துல பொண்ணோட சொந்த நிறத்துல. எந்த நிறம்னு பேசாம, எதுல உங்க பொண்ணு மாதிரி இருக்குன்னு மட்டும் கேப்பேன். பத்துக்கு ஏழு தடவை சொந்த நிறத்தைத்தான் எடுக்கறாங்க. மீதி மூணுல நான் தோத்துடுவேன், அதையும் ஒத்துக்கறேன், கல்யாணத்துக்குப் பார்க்கக் குடுக்கற படம்னா அங்க நம்ம பேச்சு எடுபடாது.

பரு, மச்சம், தழும்பு, எதை எடுக்கலாம்?

அடுத்த மாசம் இருக்காதுன்னா எடு, அடுத்த மாசமும் இருக்கும்னா கேட்டுட்டு எடு. பரு, கொசுக்கடி, ஈறுல ஒட்டுன கீரை, எல்லாம் போகலாம். மச்சம், தழும்பு, பல் இடைவெளி எல்லாம் அவங்களோடது.

இதை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். என் கூட்டாளி ஒருத்தரோட ரெட்டைப் பொண்ணுங்க, பொங்கலுக்குப் பட்டுப்பாவாடை கட்டி எடுத்தோம், நாப்பது படம். அதுல ஒருத்திக்கு மேலுதட்டுக்கு மேல சின்னதா ஒரு மச்சம். அப்பதான் புள்ளியை அழிக்கற ஹீலிங் பிரஷ் புதுசா பழகுன நேரம், கை சும்மா இருக்கல, எல்லாப் படத்துலயும் ஒண்ணு ஒண்ணா அழிச்சு, எட்டுக்குப் பத்து இன்ச் பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ணிப் பெருமையா கொண்டு போய்க் குடுத்தேன். அவங்க அம்மா படத்தைப் பார்த்துட்டு என்னைப் பார்த்துக் கேட்டாங்க, "இது பெரியவளா சின்னவளா?" அந்த மச்சம்தான் வீட்டுல எல்லாருக்கும் அடையாளம். பாவாடையை வச்சுக் கண்டுபிடிக்கலாம்னு பார்த்தா ரெண்டும் நடுவுல மாத்திக் கட்டிக்கிட்டு விளையாடியிருக்குங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வாசல்ல செருப்பு மாட்டுறப்ப அந்தச் சின்னவ வந்து மெதுவா கேட்டா, "மச்சம் அசிங்கமா இருந்துச்சா மாமா?" அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் முதல்ல இருந்து பண்ணுனேன், பிரிண்டும் என் செலவுலயே மாத்திக் குடுத்தேன்.

டெக்னிக்கலா ஒரு விஷயம்: ஒரு படத்துல எடுத்த புள்ளியை அப்படியே மத்த படத்துக்கு சிங்க் பண்ணாதீங்க. முகம் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் அந்த ஒட்டு மூக்கு மேலயோ கண்ணு மேலயோ போய் உக்காந்துடும். கேமரா சென்சார்ல இருக்கற தூசிக்குத்தான் அந்த வேலை சரி, ஏன்னா தூசி மட்டும்தான் எல்லாப் படத்துலயும் அதே இடத்துல இருக்கும்.

தோலை ஸ்மூத் பண்றது?

கொஞ்சமா. ஃப்ரீக்வென்சி செப்பரேஷன்னு ஒரு வித்தை, தோலோட நிறத்தை ஒரு லேயர்லயும் நுணுக்கமான துளை, மயிர்க்கால் எல்லாம் வேற லேயர்லயும் பிரிச்சு வச்சு வேலை பண்றது, வீடியோ பார்த்துட்டு எல்லாரும் ஓடிப் போய் அதைத்தான் பண்றாங்க, பண்ணி முடிச்சா மெழுகு பொம்மை. புதுசா கத்துக்கறவங்க அதைத் தொடவே வேணாம். டாட்ஜ் பர்ன் பண்ணிப் பழகு, இருட்டா இருக்கற சின்ன இடத்தை லேசா வெளிச்சமாக்கு, ரொம்பப் பளிச்சுன்னு இருக்கறதை லேசா இருட்டாக்கு, அவ்வளவுதான், மெதுவாத்தான் போகும், ஆனா தோல் தோலாவே இருக்கும். முடிச்ச பிறகு அந்த வேலை பண்ணுன லேயரோட ஒபாசிட்டியை, அதாவது அழுத்தத்தைப் பாதியாக்கு. நம்ம கை எப்பவும் ரெண்டு மடங்கு அதிகமாத்தான் பண்ணியிருக்கும்.

ஃபோன்ல எடுக்கறவங்க முதல்ல செட்டிங்ல போய் பியூட்டி மோடை அணைங்க, நிறைய ஃபோன்ல கேக்காமலே ஆன்ல இருக்கும்.

தனாக்கா பூசுன முகத்தை எப்படி எடிட் பண்றது?

வேற ஊர்க்காரன் வீடியோவுல இதுக்குப் பதிலே கிடைக்காது. பர்மாக்காரங்க முகத்துல பூசுற தனாக்கா மரக்கட்டையைக் கல்லுல தேய்ச்சுப் பூசுனா ஈரமா இருக்கறப்ப ஒரு நிறம், காஞ்ச பிறகு வெளிர் மஞ்சள், அதுல பிரஷ் கோடும் விரல் கோடும் தெரியும், அந்தக் கோடுதான் அழகு. ஸ்மூத் பண்ற ஆப் எதைப் போட்டாலும் அந்தக் கோட்டைத்தான் முதல்ல தேய்க்கும், ஏன்னா அதுக்குத் தனாக்கா தெரியாது, தோல் வியாதின்னு நினைச்சுக்கும். அதனால கன்னத்தை மாஸ்க் பண்ணி வெளிய வச்சிட்டு மத்ததைப் பண்ணு.

மஞ்சள் ஸ்லைடர்ல கவனம். அதைக் குறைச்சா தனாக்கா சுண்ணாம்பு மாதிரி வெளுத்துடும், கூடவே பின்னாடி இருக்கற பயாவோட, அதாவது புத்தர் கோயிலோட தங்கமும், கழுத்துல இருக்கற சாமந்தி மாலையும், மஞ்சக் கயிறும் எல்லாம் சேர்ந்து செத்துப் போகும். சிவப்புக்கும் அதே கதை, உதட்டுச் சாயத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்னு சிவப்பைத் தொட்டா நெத்திக் குங்குமம் காணாம போயிடும். நம்ம ஊர்ப் படத்துல மொத்தமா ஒரு கலரைத் தொடுறது ஆபத்து, எல்லாக் கலரும் எங்கயாவது ஒரு முக்கியமான இடத்துல இருக்கு.

இடுப்பைச் சின்னதாக்கு, கையை ஒல்லியாக்குன்னு மாடலே கேட்டா?

நான் பண்றது இல்ல. உடம்பை இழுத்து நெளிக்கற லிக்விஃபை டூலைப் போட்டா பின்னாடி இருக்கற கதவு நிலையும் ஜன்னல் கம்பியும் சேர்ந்து வளையும், பார்க்கறவன் முதல்ல அதைத்தான் பார்ப்பான். அதுக்குப் பதிலா நிக்கற விதத்தை மாத்து: உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பு, கையை உடம்போட ஒட்டாம லேசா விலக்கி வை, லென்ஸைக் கண்ணு உயரத்துக்குக் கொண்டு வா, ஃபோன் வைடு லென்ஸ்ல ரொம்பக் கிட்ட போய் முகத்தை எடுக்காத, மூக்கு பெருசாத்தான் வரும். கேக்குறவங்க பாதிப் பேரு திருப்தி ஆயிடுவாங்க. புடவை சுருக்கம், தொங்குற நூல், ரவிக்கை விலகி நிக்கிறது, இதை எல்லாம் தாராளமா திருத்து.

வெளிநாட்டுல இதுக்குச் சட்டமே இருக்கு. இஸ்ரேல்ல 2012ல போட்டாங்க, பிரான்ஸ்ல 2017 அக்டோபர்ல இருந்து விளம்பரத்துல மாடலோட உடம்பை ஒல்லியாவோ குண்டாவோ திருத்தியிருந்தா "திருத்திய படம்"னு போடணும், நார்வேயில 2022 ஜூலையில இருந்து காசு வாங்கிப் போடுற விளம்பரத்துல உடம்பையோ தோலையோ மாத்தியிருந்தா முத்திரை போடணும். நம்ம ஞாயித்துக்கிழமைப் படத்துக்கு யாரும் முத்திரை கேக்கப் போறது இல்லதான், ஆனா எதுக்குச் சட்டம் வரைக்கும் போனாங்கன்னு யோசிச்சா நமக்கும் புரியும், அந்தப் படத்தைப் பார்த்துட்டுத் தன் உடம்பைப் பார்க்கற பொண்ணு நம்ம வீட்டுலயும் இருக்கு.

ராவா ஜேபெக்கா?

எடிட் பண்ணப் போறேன்னா ரா, அதாவது கேமரா தன் கைவேலையைச் சேர்க்காம குடுக்கற ஃபைல். ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படிதான், ரா ஃபைல் 12 பிட்னா 4096, 14 பிட்னா 16384. நிழல்ல இருக்கற முகத்தைத் தூக்கிப் பாரு, வித்தியாசம் தெரியும், ஜேபெக் திட்டுத் திட்டாப் பிரியும். மெமரி கார்டு சீக்கிரம் ரொம்பும், வேற வழி இல்ல.

எந்த சாஃப்ட்வேர்? காசு குடுத்து வாங்கணுமா?

வேணாம். ஃபோன்ல ஸ்னாப்சீட் போதும், சும்மாவே கிடைக்குது. லேப்டாப்ல டார்க்டேபிள், ரா தெரபி, கிம்ப் மூணும் இலவசம், கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், ஒரு மாசம் பழகுனா சரியாயிடும். எது ஆனாலும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணு, நம்ம ஊரு கரண்டை நம்பி யாரும் மூணு மணி நேர வேலையைச் சேவ் பண்ணாம வைக்காதீங்க, நான் வச்சேன், போச்சு.

ஸ்கிரீன்ல நல்லா இருக்கு, பிரிண்ட் போட்டா இருட்டா வருது, ஏன்?

கரண்ட் இல்லாதப்ப இருட்டு ரூம்ல பேட்டரியில உக்காந்து எடிட் பண்ணியிருப்ப. சுத்தி இருட்டா இருந்தா ஸ்கிரீன் பளிச்சுன்னு தெரியும், நீ படத்தை இருட்டாவே வச்சிட்டுப் போதும்னு நினைச்சிருப்ப. ரூம்ல விளக்கு போட்டுக்கோ, பிரைட்னஸைப் பாதிக்கு வை, ராத்திரியில ஸ்கிரீனை மஞ்சளாக்குற நைட் மோடை அணை, அதை மறந்துட்டு எடிட் பண்ணுனா முகம் எல்லாம் நீலமாப் போயிடும். முடிச்ச உடனே யாருக்கும் அனுப்பாத, தூங்கி எந்திரிச்சுப் பகல்ல ஒரு தடவை பாரு. ராத்திரி பிரமாதமா இருந்த பாதிப் படம் காலையில பார்த்தா என்னடா பண்ணி வச்சிருக்கேன்னு தோணும்.

எட்டுக்குப் பத்து பிரிண்டுக்கு 2400க்கு 3000 பிக்சல் இருந்தா போதும், அது 72 லட்சம், இப்ப இருக்கற எந்த ஃபோனும் குடுக்கும். ஆளுங்களுக்கு அனுப்புறப்ப வைபர்ல படமா அனுப்பாம ஃபைலா அனுப்புங்க, இல்லைன்னா நீ பார்த்துப் பார்த்துப் பண்ணுன வேலையை அது நசுக்கிடும்.

எடுத்த படம் எல்லாத்தையும் குடுங்க, ரா ஃபைலும் வேணும்னு மாடல் கேக்குறாங்க, குடுக்கணுமா?

முன்னாடியே பேசிக்கோ. நான் கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன், இருநூறு எடுப்போம், இருபது தருவேன், இருபதும் எடிட் பண்ணித் தருவேன்னு. கண்ணு மூடுனது, வாய் கோணுனது எல்லாம் அவங்க கையில போனா அவங்களுக்கே மனசு கஷ்டமாகும். ஆனா அவங்க என் படத்தை எல்லாம் அழிச்சிடுங்கன்னு கேட்டா அழிச்சிடணும், அதுல பேச்சே இல்ல, முகம் அவங்களோடது. சின்னப் பிள்ளைங்கன்னா அப்பா அம்மாகிட்ட கேக்காம ஒரு படமும் வெளிய போகக் கூடாது, சடங்கு வீட்டுப் படம்னா இன்னும் ரெண்டு மடங்கு ஜாக்கிரதை.

நான் அழகா எடிட் பண்ணிக் குடுத்ததுக்கு மேல அவங்க பூனைக் காது ஃபில்டர் போட்டுட்டாங்கண்ணே.

போடட்டும் விடு.

ஏஐ வச்சு டிரஸ்ஸை மாத்துறது, பின்னணி மாத்துறது?

பின்னாடி ஒரு ஒயர் தொங்குது, ஒரு ஆள் நடந்து போறாரு, அதை எடுக்க ஏஐ நல்ல உதவி, முன்னாடி ஒரு மணி நேரம் ஆன வேலை ஒரு நிமிஷத்துல முடியுது. ஆனா மகாபந்துலா பார்க்குல எடுத்துட்டுப் பின்னாடி பாரிஸ் வைக்கிறது எதுக்குன்னு எனக்குப் புரியல, வெளிச்சம் வர்ற பக்கமே ஒத்துப் போகாது. டிரஸ்ஸை மாத்துறது, உடம்பைப் புதுசா உருவாக்குறது எல்லாம் அந்தப் பொண்ணு வாயால கேக்காம கையே வைக்காதீங்க. கேட்டாலும் நான் பண்றது இல்ல. முகத்தைப் பெருசாக்கித் தெளிவாக்குற ஏஐ இருக்கு பாரு, அதுல இன்னொரு வம்பு, கண்ணும் பல்லும் அதுவா யோசிச்சு வரையுது, பார்த்தா யாரோ தூரத்துச் சொந்தக்காரப் பொண்ணு மாதிரி இருக்கும்.

பண்ணுன எடிட் மாடலுக்குப் பிடிக்கலைன்னா?

திரும்பப் பண்ணு. அப்பவும் பிடிக்கலைன்னா போடாத, சண்டை போடாத.

மண்டலே போனப்ப அமரபுராவுல ஊபெய்ன் பாலத்துல என் சித்தப்பா பொண்ணை எடுத்தேன், சாயங்காலம், ஏரிக்காத்து, தேக்கு மரத்தூண் எல்லாம் கறுப்பு நிழலா நிக்குது, அவ ஏதோ ஒண்ணுக்கு ஈறு தெரியச் சிரிக்கிறா. நான் எடுத்ததுலயே நல்ல படம் அது. அவ பார்த்துட்டு, "ஐயோ அண்ணே ஈறு தெரியுது, வேணாம், யாருக்கும் காட்டாதீங்க"ன்னுட்டா. ஈறை மறைச்சுத் தரவான்னு கேட்டேன், மறைச்சும் பார்த்தேன், சிரிப்பே போயிடுச்சு, உதடு தைச்ச மாதிரி இருந்துச்சு. ரா மட்டும் என்கிட்ட இருக்கட்டுமான்னு கேட்டுட்டு எடிட் பண்ணுனதை அழிச்சிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு, கல்யாணம் எல்லாம் முடிஞ்சு, வீட்டுக்காரரோட வந்தவ, "அந்தப் பாலத்துப் படம் இருக்காண்ணே"ன்னு கேட்டா. இருந்துச்சு. இந்தத் தடவை பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டா, நிழலைக் கொஞ்சம் தூக்குனோம், வானத்துல கொஞ்சம் மஞ்சள் ஏத்துனோம், ஈறு பக்கம் நான் மவுஸைக் கொண்டு போனதும் கையைத் தட்டி விட்டா. கரண்ட் போறதுக்குள்ள முடிச்சிட்டோம்.